தயிர்ப்புளி: லாக்டிக் அமிலம் பற்றி என்னிடம் கேட்கப்பட்டவை

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பிக்கிறேன். வகுப்பில் வரும் கேள்விகளுக்கு மறுமொழி சொல்லிவிடலாம். படலையடியில் மறித்துக் கேட்கிறவர்களுக்குச் சொல்வதுதான் கஷ்டம். முன்வீட்டு அக்கா ஒருநாள் சின்னப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். மகள் கொழும்பிலிருந்து அனுப்பிய முகப்பூச்சு. லேபிளில் லாக்டிக் அமிலம் 10 சதவீதம் என்றிருந்தது. "தம்பி, இது தயிர்ப்புளிதானே? பேந்தேன் இவ்வளவு காசு?" என்றார். அன்று தொடங்கி இந்த அமிலத்தைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

லாக்டிக் அமிலம் என்றால் என்ன?

பால் புளிக்கும்போது உண்டாகிற அமிலம். லத்தீனில் 'லாக்' என்றால் பால். பெயர் அங்கிருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் முன்னால் ஓர் இகரம் போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, பொருள் ஒன்றுதான். சுவீடன் நாட்டு மருந்தாளரும் இரசாயனவியலாளருமான கார்ல் வில்லெம் ஷீலே 1780 இல் புளித்த பாலிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். மூன்று காபன், ஆறு ஐதரசன், மூன்று ஒட்சிசன் அணுக்கள் கொண்ட சிறிய மூலக்கூறு. ஒரு குளுக்கோசைச் சரிபாதியாக முறித்தால் இரண்டு லாக்டிக் அமிலம் வரும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்த முறிப்பைத் தயிர் முட்டியில் பக்டீரியா செய்கிறது. ஓடும்போது எங்கள் தொடைத் தசையும் அதையே செய்கிறது.

குசினியில் உள்ள புளிப்பெல்லாம் இதுதானா?

இல்லை. பழப்புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், தேசிக்காயில் சிட்ரிக், வினாகிரியில் அசற்றிக். அதனால் ஒடியல் கூழின் புளிப்புக்கும் தேசிக்காய் ஊறுகாயின் புளிப்புக்கும் லாக்டிக் அமிலத்தோடு பெரிய உறவில்லை. தயிர், மோர், புளித்த தோசை மா, பழஞ்சோற்றுத் தண்ணி ஆகியவைதான் இதன் வீடு. நாக்குக்கே வித்தியாசம் தெரியும். தேசிக்காய்ப் புளி வெட்டிவிட்டு ஓடும், தயிர்ப்புளி மெதுவாக வந்து நாக்கில் தங்கும்.

தயிர் சில நாள் உறையாமல் போவது ஏன்?

பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண், அது குறையப் புளிப்புக் கூடும். பாலின் பிஎச் சுமார் 6.6. உறைமோரில் இருக்கும் பக்டீரியாக்கள் பால்வெல்லமான லாக்டோசைத் தின்று லாக்டிக் அமிலத்தை விட, பிஎச் மெல்ல மெல்ல இறங்கும். 4.6 ஐ நெருங்கும்போது பாலின் கேசின் புரதம் தண்ணீரில் மிதந்து நிற்க முடியாமல் ஒன்றோடொன்று பிடித்து வலையாகிவிடும். அந்த வலைதான் தயிர்.

இந்த பக்டீரியாக்களுக்குப் பிடித்த சூடு 40 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே. அம்மா காய்ச்சிய பாலை ஆறவைத்து, சின்ன விரலை விட்டுப் பார்ப்பார். விரலை எடுக்கத் தோன்றாமல் இளஞ்சூடாக இருந்தால் ஒரு கரண்டி உறை போடுவார். வெப்பமானி வாங்கி அளந்து பார்த்தேன், 42. அவருக்கு அதைச் சொன்னபோது பெரிதாக மதிக்கவில்லை. அவசரப்பட்டுக் கொதிபாலில் உறை ஊற்றினால் பக்டீரியா செத்துவிடும். மார்கழிக் குளிரில் திறந்த இடத்தில் வைத்தால் சாகாது, ஆனால் சோம்பிக் கிடக்கும். அந்த மாதத்தில் முட்டியைச் சாக்கால் சுற்றி அடுப்பு ஓரத்தில் வைப்பது அதற்குத்தான்.

மண்முட்டித் தயிர் ஏன் இறுக்கமாக இருக்கிறது என்றும் கேட்பார்கள். மண் கொஞ்சம் தண்ணீரைக் குடித்து வெளியே ஆவியாக விடுகிறது. தண்ணீர் குறையத் தயிர் இறுகும், ஆவியாவதால் முட்டியும் குளிரும்.

காய்ச்சும்போது பால் திரைந்து போனால்?

அதுவும் இதே கதைதான். கரண்ட் நின்று பால் வெளியே கிடந்த நேரத்தில் கொஞ்சம் அமிலம் சேர்ந்திருக்கும், நாக்குக்குத் தெரியாத அளவு. சூடு ஏறியதும் புரதம் தாக்குப்பிடிக்காமல் திரைந்துவிடும். எந்தக் கிருமி புளிக்க வைத்தது என்று தெரியாததால் அதைத் தயிராக நினைத்துக் குடிக்க வேண்டாம்.

தோசை மா பொங்குவது ஈஸ்டாலா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஈஸ்டுக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரிய வேலைக்காரன் லூக்கோனோஸ்டோக் என்ற லாக்டிக் பக்டீரியா. அது லாக்டிக் அமிலத்தோடு காபனீரொட்சைட்டு வாயுவையும் விடும். அரைத்த உழுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள, மா பொங்குகிறது. வெந்தயம் போடுவதும் அந்தக் கொழகொழப்புக்குத் துணை. பக்டீரியா பெரும்பாலும் உழுந்தோடேயே வருகிறது. கையால் குழைத்தால்தான் புளிக்கும் என்பதை முழுக்க நம்ப வேண்டாம், முழுக்கத் தள்ளவும் வேண்டாம். கைச்சூடும் நன்றாகக் கலப்பதும் உதவும்.

எங்கள் தோசைக்குக் கோதுமை மாவும் கலந்து, மஞ்சள் சேர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுகிறோம். என் கணிப்பில், அந்தத் தாளிதத்துக்கு அளவான புளிப்பு இல்லாவிட்டால் தோசை வெறும் மாச்சப்பாத்தி. சித்திரை வெயிலில் இரவு பத்து மணிக்குக் கரைத்த மா விடியுமுன் சட்டியை விட்டு வெளியே வந்துவிடும். மார்கழியில் அதே மா காலை எட்டு மணிக்கும் அசையாமல் இருக்கும். அப்போது அப்பச்சோடாவை எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல்: சோடா அமிலத்தோடு சேர்ந்து உடனே வாயு விடும், சரி. ஆனால் வாயு விட்ட அளவுக்கு அமிலத்தையும் தின்றுவிடும். அதனால்தான் சோடா கூடிய தோசை மெத்தென்று இருந்தும் புளிப்பில்லாமல் சவர்க்காரம் மாதிரி இருக்கிறது.

பழஞ்சோறு உடம்புக்கு நல்லதா?

நல்லது, ஒழுங்காக வைத்தால். இரவுச் சோற்றில் தண்ணி ஊற்றி மூடி வைத்தால் விடியும்போது லாக்டிக் பக்டீரியா வேலையைத் தொடங்கியிருக்கும். அந்த மெல்லிய புளிப்பு பல கெட்ட கிருமிகளை வளரவிடாது. தானியத்தில் இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் பைற்றேற்றும் புளிக்கையில் குறையும். தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்து, முதல்நாள் மீன்குழம்பின் அடிச்சட்டியை வழித்து உருண்டை பிடித்துக் கையில் தருகிற அம்மம்மாக்களுக்கு இந்த விளக்கம் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. சோற்றில் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், அவை கொதியிலும் சாகாது. வெறும் சோற்றை இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் விட்டால் அவை முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சில் ஒரு வகை திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஆகவே சோறு ஆறியவுடன் தண்ணி ஊற்றுங்கள், அடுத்த நாள் காலையே சாப்பிட்டு முடியுங்கள். நூல் விட்டாலோ மணம் மாறினாலோ கொட்டுங்கள்.

பனங்கள்ளின் புளிப்பு?

அதில் மூன்று கூட்டம் வேலை செய்கிறது. ஈஸ்ட் சீனியை மதுவாக்கும், லாக்டிக் பக்டீரியா புளிப்பாக்கும், நேரம் போகப்போக அசற்றிக் பக்டீரியா மதுவை வினாகிரிப் பக்கம் இழுக்கும். காலையில் இனிப்பாக இறங்கியது பின்னேரத்தில் முகம் சுளிக்க வைப்பது அதனால். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசினால் காரத்தன்மையில் இந்தக் கூட்டங்கள் தலையெடுக்காது, புளிக்காத கருப்பணி கிடைக்கும். ஈஸ்டும் பக்டீரியாவும் சேர்ந்திருப்பதால்தான் பழைய ஆட்கள் அப்ப மாவுக்குக் கள்ளு விட்டார்கள்.

பால் குடித்தால் வயிறு ஊதும் எனக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறதே?

லாக்டோசும் லாக்டிக் அமிலமும் ஒன்றல்ல. உங்களுக்கு ஒத்துக்கொள்ளாதது லாக்டோஸ் என்ற சீனி. தயிரில் அதில் ஒரு பங்கை பக்டீரியா முன்கூட்டியே தின்றுவிடுகிறது, மிச்சத்தைச் செரிக்கும் நொதியும் பக்டீரியாவோடு குடலுக்குள் போகிறது. பால்புரத ஒவ்வாமை உள்ளவர்கள் வேறு கட்சி. அவர்களுக்குத் தயிரும் ஆகாது.

பக்கெட்டில் 'அமிலச் சீராக்கி 270' என்று இருக்கிறதே. விரதகாரர் சாப்பிடலாமா?

270 என்பது லாக்டிக் அமிலத்தின் எண். பெயரில் பால் இருந்தாலும் தொழிற்சாலையில் இதைப் பெரும்பாலும் சோளமாச் சீனியையோ கரும்புச் சீனியையோ பக்டீரியாவால் புளிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். மாமிசத்திலிருந்து எடுப்பதில்லை. பால்கூடத் தொடாதவர்கள் மட்டும் கம்பனியிடம் கேட்டு உறுதிப்படுத்துவது நல்லது.

தயிரையே முகத்தில் பூசினால் காணாதா?

அக்காவின் கேள்வி. இங்கேதான் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறுகிறோம். தோலின் மேல் வேலை செய்வது, ஐதரசனை இன்னும் விடாமல் முழுசாக நிற்கிற அமிலம். பிஎச் 3.86 இல் பாதி முழுசாகவும் பாதி ஐதரசனை விட்ட லாக்டேட்டாகவும் இருக்கும். பிஎச் ஏற ஏற முழுசானது குறையும். தயிரில் ஏறத்தாழ 1 சதவீதம் லாக்டிக் அமிலம், பிஎச் 4.5 என்று வைத்தால் ஐந்தில் ஒரு பங்குதான் முழுசு, அதாவது 0.2 சதவீதம். அக்காவின் போத்தலில் 10 சதவீதம். அதன் பிஎச் 3.8 பக்கம் என்றால் அரைவாசிக்கு மேல் முழுசு. இருபத்தைந்து மடங்கு வித்தியாசம்.

ஆகவே தயிர் பூசுவதில் தப்பில்லை, அதிசயமும் இல்லை. தயிரின் கொழுப்பும் தண்ணீரும் தோலைக் கொஞ்ச நேரம் மிருதுவாக்கும். மற்றப்படி அமிலத்தின் வேலையை எதிர்பார்த்தால் போத்தல்தான். தேசிக்காய்ச் சாற்றைத் தயிரில் கலந்து பூசச் சொல்கிற வீடியோக்களை மட்டும் நம்பாதீர்கள். தேசிக்காய் பட்ட தோல் வெயிலில் கொப்பளித்துக் கருகும்.

சரி, போத்தலில் உள்ளதை எப்படிப் பூசுவது?

இது தோலின் மேற்படையில் இறந்த கலங்களை ஒட்டவைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தும், அவை சீராக உதிரும். லாக்டேட் எங்கள் தோலின் இயற்கையான ஈரப்பதன் பொருட்களில் ஒன்றும்கூட. அதனால் இதே இனத்தைச் சேர்ந்த கிளைக்கோலிக் அமிலத்தைவிட இது பொதுவாக மென்மை. கிளைக்கோலிக் இன்னும் சிறிய மூலக்கூறு, வேகமாக இறங்கும், கூட எரியும்.

5 சதவீதத்தில் தொடங்குங்கள். முன்கையின் உள்பக்கம் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பிறகு இரவில், கிழமைக்கு ஒன்றிரண்டு தடவை போதும். காயத்திலும் சவரம் செய்த அன்றும் வேண்டாம். ரெட்டினோல் என்ற விற்றமின் ஏ பூச்சைப் பூசுகிற இரவில் இதைத் தவிருங்கள். பகலில் வெயில்காப்புக் கிரீம் கட்டாயம். உதிர்ந்தபின் வெளியே வரும் புதுத்தோல் வெயிலை முன்போலத் தாங்காது.

கடைசி வரியை நான் பட்டுத்தான் படித்தேன். கடையில் ஒருவர் "ஒவ்வொருநாளும் பூசலாம்" என்றார். இரசாயன வாத்தியார் நானே நம்பி 10 சதவீதத்தை மூன்று இரவு தொடர்ந்து பூசினேன். அடுத்த நாள் நல்லூர்த் தேர். காலை முழுக்க வெயிலில் நின்றேன். வடம் பிடித்த கைக்கு ஒன்றுமில்லை, கன்னம் இரண்டும் சிவந்து நான்கு நாளில் சருகாகக் கழன்றது. வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தது எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

30 சதவீதத்துக்கு மேற்பட்ட, தோலை உரிக்கிற 'பீல்' வகைகளை இணையத்தில் வாங்கி வீட்டில் செய்ய வேண்டாம். அது தோல் வைத்தியரின் வேலை.

தோல் வெள்ளையாகுமா?

ஆகாது. மங்கலான மேற்படை போவதால் பளிச்சென்று தெரியும், பருவின் கரும்புள்ளி கொஞ்சம் மங்கலாம். பிறந்த நிறம் அப்படியேதான் இருக்கும். இருக்கவும் வேண்டும். உள்ளடக்கம் எழுதாத வெள்ளைப்பூச்சுக் கிரீம்களில் பாதரசம் இருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அவற்றோடு ஒப்பிட்டால் லாக்டிக் அமிலம் சாது.

குதிக்கால் வெடிப்புக்கு?

இதற்குத்தான் நான் இதை மனமாரச் சிபாரிசு செய்வேன். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணக்கல்லில் ஊறி வருவது, கடினநீர். சவர்க்காரம் நுரைக்காமல் தோலில் படிந்து வறட்டும். அதன்மேல் செருப்பில்லாமல் முற்றத்தில் நடப்பது வேறு. 12 சதவீத அமோனியம் லாக்டேட் லோஷன் பாமசியில் கேட்டுப் பாருங்கள். காலை இளஞ்சுடுநீரில் ஊறவைத்துத் துடைத்து, ஈரம் காயுமுன் பூசிச் சொக்ஸ் போட்டுப் படுங்கள். இரத்தம் கசிகிற வெடிப்பில் எரியும், அது ஆறும்வரை பொறுங்கள். நீரிழிவுக்காரர் குதிக்கால் வெடிப்பை வைத்தியரிடம் காட்டாமல் எதுவும் பூச வேண்டாம்.

சைக்கிள் மிதித்தால் கால் நோவது லாக்டிக் அமிலத்தாலா?

சோளகக் காலத்தில் பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் சைக்கிளில் போயிருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் கடல், தென்மேற்குக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மண்டைதீவுச் சந்தி வருவதற்குள் தொடை எரியும். அந்த நேரத்தில் தசை வேகமாகக் குளுக்கோசை முறித்து லாக்டேட்டைக் குவித்திருப்பது உண்மை. தசையில் அமிலத்தன்மை ஏறுவதும் உண்மை. ஆனால் வீடு வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த லாக்டேட் ஏறக்குறைய வழமைக்குத் திரும்பிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போது வருகிற நோவு வேறு. பழக்கமில்லாத வேலையால் தசைநாரில் உண்டான நுண்ணிய சேதமும் அதன் அழற்சியும்தான் அது. 'அமிலத்தைக் கரைக்க' என்று விற்கிற எண்ணெய்களுக்குக் கரைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை. தடவும் கை சுகமாக இருந்தால் தடவட்டும்.

இன்னொன்று, லாக்டேட் கழிவல்ல. இதயத் தசை அதை விரும்பி எரிக்கும். ஈரல் அதைப் பிடித்துத் திரும்பக் குளுக்கோசாக்கித் தசைக்கே அனுப்பும். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியின் பெயரால் இது கோரிச் சக்கரம் எனப்படுகிறது. குளுக்கோசை உடம்பு சேமித்து வைக்கும் வடிவமான கிளைக்கோசன் பற்றிய ஆய்வுக்காக 1947 இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். மருத்துவ நோபல் வாங்கிய முதல் பெண் கெர்ட்டி.

ஆஸ்பத்திரியில் 'லாக்டேட் கூடிவிட்டது' என்றார்கள். பிறகு லாக்டேட் உள்ள சேலைனையே ஏற்றுகிறார்களே?

இந்தக் கேள்வி கேட்ட மாணவிக்கு அன்று வகுப்பில் கைதட்டு வாங்கிக் கொடுத்தேன். ஓய்வில் இரத்த லாக்டேட் லீற்றருக்கு 2 மில்லிமோலுக்குள் இருக்கும். கடும் கிருமித்தொற்றிலோ அதிர்ச்சி நிலையிலோ திசுக்களுக்கு இரத்தம் போதாமல் போனால் அது ஏறும். அதனால் வைத்தியர்கள் அதை ஓர் அபாய மணியாகப் பார்க்கிறார்கள்.

நீங்கள் கேட்ட அந்தச் சேலைனுக்கு ஹார்ட்மன் சேலைன் என்று பெயர். அதில் இருப்பது சோடியம் லாக்டேட். அது அமிலமல்ல, அமிலத்தின் உப்பு. ஈரல் அதை மாற்றும்போது பைகாபனேற்று உண்டாகி, இரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கவே செய்கிறது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் அலெக்சிஸ் ஹார்ட்மன் 1930களில், அதற்கு அரை நூற்றாண்டு முன் சிட்னி ரிங்கர் செய்த உப்புக்கரைசலில் லாக்டேட்டைச் சேர்த்தது இதற்காகத்தான்.

நீரிழிவுக்குப் போடும் மெட்போமினால் லாக்டிக் அமிலம் கூடுமா?

மிக அரிதாக, பெரும்பாலும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு. பயந்து நீங்களாக மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. கடும் வயிற்றோட்டம், வாந்தி வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். தயிர் சாப்பிடுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

பல்லுக்கு?

இங்கே அது எதிரி. பல்லில் படிந்திருக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற பக்டீரியா சீனியைத் தின்று லாக்டிக் அமிலம் விடும். பிஎச் சுமார் 5.5 க்குக் கீழே போனால் பல்லின் வெளிப்படையான மிளிரி (எனாமல்) கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிசெய்ய அரை மணித்தியாலம்வரை எடுக்கும். பிளேன்ரீயோடு பனங்கட்டியைக் கடித்துக் கடித்து ஒரு பின்னேரம் முழுக்க அரசியல் கதைக்கிறவர்கள் அந்த அரை மணித்தியாலத்தைப் பல்லுக்குக் கொடுப்பதே இல்லை. பனங்கட்டி 'நல்ல சீனி' என்று பக்டீரியாவுக்குத் தெரியாது. கடிப்பதை ஒரேயடியாகக் கடித்து முடித்து, வாயைக் கொப்பளித்துவிட்டுக் கதையுங்கள்.

பெண்களுக்கான கழுவுநீர்களில் இது இருக்கிறதே, தேவையா?

பிறப்புறுப்பின் உள்ளே லாக்டோபசில்லஸ் பக்டீரியா தானாகவே லாக்டிக் அமிலம் விட்டு பிஎச்சை 3.8 முதல் 4.5 வரை வைத்திருக்கிறது. கிருமிகளுக்கு எதிரான காவல் அது. உள்ளே எதையும் விட்டுக் கழுவ வேண்டாம், வெளியே வெறும் தண்ணி போதும். மணமோ அரிப்போ இருந்தால் கடைக்குப் போகாமல் வைத்தியரிடம் போங்கள்.

மோரை அலுமினியச் சட்டியில் வைக்கலாமா?

வைக்க வேண்டாம். அமிலம் அலுமினியத்தை அரிக்கும், வெள்ளீயம் பூசாத பித்தளையையும்தான். மண், கண்ணாடி, பீங்கான், எவர்சில்வர் எதுவும் சரி.

தயிர் மிஞ்சிப் புளித்துவிட்டது. கொட்டுவதா?

பூஞ்சணம் பிடிக்காமல் வெறும் புளிப்பு மட்டும் ஏறியிருந்தால் கொட்டாதீர்கள். அமிலம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணி விட்டுக் கடைந்து உப்பைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். பச்சை மிளகாயைக் காம்போடு ஒரு கீறு கீறி அதில் ஊறவிடுங்கள். மறுநாள் மிளகாயை எடுத்துப் பாயில் காயவைத்து, பின்னேரம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுக்க மிளகாய்க்குள் போய்ச் சட்டி காயும்வரை இப்படியே. பிறகு வெறும் வெயிலில் கலகலவென்று காய்ந்ததும் பேணியில் போட்டு மூடுங்கள். பொரிக்கும்போது யன்னலைத் திறந்து வையுங்கள், தெருவே தும்மும்.